ஒரு தாங்கி, இரண்டு ஊர்

முன்பின் தெரியாத வீட்டு மணியை அடித்துவிட்டு, உள்ளேயிருந்து செருப்புச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்து நிற்பதுதான் கணக்கெடுப்பாளர் வேலை. காப்புறுதி விற்பவர்களே, மீற்றர் வாசிப்பவர்களே, தேர்தல் துண்டுப்பிரசுரம் கொடுப்பவர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாமெல்லாம் ஒரே கூட்டம்.

கொழும்பும் அதை ஒட்டிய நகரங்களும் சேர்ந்து தங்களுக்கென்று பொதுவாக ஒரு தண்ணீர்த் திட்டம் தொடங்கலாமா என்று யோசித்தன. சனங்கள் சம்மதிப்பார்களா என்று வீடு வீடாகக் கேட்டு வரும்படி என் கையில் ஒரு டெப்லெட்டைக் கொடுத்தார்கள். எனக்கு அது வெறும் கேள்வி அல்ல. நாங்கள் இருப்பது கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடி. பைப் இருக்கிறது, தண்ணீர் ஏறாது. மோட்டர் பொருத்தினால் சுவர் அதிரும் என்று கீழே இருக்கும் வீட்டுக்காரி பிலோமினா அன்ரி விடமாட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் கணவர் அன்ரனுக்கு முதுகு போனபிறகு வாளியைத் தொடக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை. ஆகவே விடிய எழும்பி முற்றத்துக் குழாயிலிருந்து படியேறித் தூக்குவது நான்தான். புதுத் திட்டம் வந்தால் மேல்மாடிக்கும் தண்ணீர் ஏறும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

யாருக்கு முதல்?

வெள்ளவத்தையில் கடல் பார்த்த தொடர்மாடி. கதவைத் திறந்தவர் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர். நான் டெப்லெட்டைத் திறக்க முன்னரே அவர் தன் கணக்கெடுப்பைத் தொடங்கிவிட்டார். சொந்த ஊர் எது, தகப்பன் ஆர், கலியாணம் ஆச்சோ? தன் ஊர்ப்பக்கம் இல்லை, கொட்டாஞ்சேனை என்றதும் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் குடிக்கப் பிளேன்ரீ வந்தது.

திட்டத்தை முழுதாகக் கேட்டார். எனக்கு நம்பிக்கை பிறந்து, ‘சம்மதம்’ என்ற கட்டத்துக்கு மேலே விரலைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டேன். பைப் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்று கேட்டார். தெரியாது என்றேன். எழுந்து போய் ஜன்னல் திரையை விலக்கி, கால்வாய்க்கு அந்தப் பக்கம், அடுத்த நகரத்தில் தெரியும் கூரைகளைப் பார்த்தார். முதல் நாள் அந்தக் கூரைகளில் ஒன்றின் கீழே ஒரு சிங்கள அம்மா இந்தப் பக்கத்தை இதே மாதிரிப் பார்த்து, இவர் இப்போது சொல்லப்போகும் பதிலையே சிங்களத்தில் சொல்லியிருந்தார்.

“பிள்ளை, அவையோட சேந்து தண்ணி எடுக்கிறதில எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை, அவைக்கு முதல் எங்களுக்கு வரோணும், அவ்வளவுதான்.”

சாவி

கிராண்ட்பாஸில் ஒரு சாப்பாட்டுக் கடை முதலாளி. ஹாஜியார் என்றால் தெருவுக்கே தெரியும். அவருக்கும் பக்கத்துக் கடைக்காரரான தம்பிக்கும் ஒரே தண்ணீர் மீற்றர். ஆனால் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. குழாயை மூடச் சொல்வதென்றாலும் கொத்துரொட்டி போடுபவர்தான் தூது போகவேண்டும். நான் நிற்கும்போதே ஒரு தூது போய், பதில் வராமல் திரும்பியது.

எனக்கு அவசரம். அந்த லேனை அன்று மத்தியானத்துக்குள் முடிக்கவேண்டும். ஊர்கள் சேர்ந்தால் எல்லோருக்கும் நன்மைதானே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் கல்லாவை மூடிவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார்.

“மகள், சேரக்குள்ள எல்லாரும் நல்லவங்கதான், கோவிச்சிக்கிட்டா பைப்ப பூட்டுற சாவி யார்ட கையில இரிக்கிண்டு கேட்டுட்டு வாங்க.”

நானும் ஒரு வீடு

நாங்கள் யாரையும் வற்புறுத்தக்கூடாது என்பது முதல் விதி. கேள்வியை வாசி, பதிலை அழுத்து, நன்றி சொல், நட. நானும் அப்படித்தான் நடந்தேன், மட்டக்குளி வரைக்கும்.

அங்கே ஒரு குடியிருப்பில், வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண் ‘தெரியாது, தெரியாது’ என்றே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அவள் வீட்டுக்கு முன்னால் வரிசையாக நீலப் பீப்பாக்கள். இவ்வளவு பீப்பா வைத்திருப்பவளுக்குத் தெரியாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடிய எழும்புவது, படி, அன்ரனின் முதுகு, பிலோமினா அன்ரியின் சுவர் என்று ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்துவிட்டேன். அவள் கையைக் கழுவி, உள்ளே போய் எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

“குடிங்க அக்கா, குடிச்சிட்டுச் சொல்லுங்க, நீங்க கேள்வி கேக்க வந்தீங்களா, முறைப்பாடு சொல்ல வந்தீங்களா?”

பெயர் வைத்தல்

பதில்களில் சம்மதமே அதிகம் என்று வந்தது. நான் அன்ரனிடம் வாளியை விற்றுவிடலாம் என்றேன். பிறகு இரண்டு பக்கத்து நகரசபை உறுப்பினர்களும் ஒரு மண்டபத்தில் கூடினார்கள். பதில்களை வாசித்துக் காட்ட என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேசை முழுக்கத் தண்ணீர்ப் போத்தல்.

வாசிக்க எனக்கு முறை வரவேயில்லை. திட்டத்தின் பெயரில் எந்த ஊர் முதலில் வரவேண்டும் என்று தொடங்கியவர்கள் அதைவிட்டு நகரவில்லை. அகரவரிசையில் போடலாம் என்றார் ஒருவர். எந்த மொழி அகரவரிசை என்று மற்றவர் கேட்டார். நான் நாற்காலி நுனியில் இருந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். தண்ணீரைப் பற்றியும் கொஞ்சம் கதைக்கலாமே என்று பக்கத்திலிருந்த உறுப்பினரிடம் மெதுவாகக் கேட்டேன். குடித்த போத்தலை மூடிக்கொண்டே அவர் சொன்னார்.

“பேரை முடிவு செய்யாம தண்ணியப் பத்திக் கதைக்க ஏலாது மிஸ்.”

வெள்ளோட்டம்

பெயர் இல்லாமலே ஒரு நாள் வெள்ளோட்டம் விட்டுப் பார்ப்பது என்று முடிவானது. கொழும்பின் வடக்கு எல்லையான ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் லேன்கள், அந்தப் பக்கம் அடுத்த ஊரின் லேன்கள், நடுவில் இரண்டுக்கும் ஒரே தண்ணீர்த் தாங்கி. அதற்கு முதல் நாள் த்ரீவீலில் ஒலிபெருக்கி கட்டி இரண்டு மொழியிலும் அறிவித்தார்கள். அங்கேதான் பிசகியது. கொழும்பில் தண்ணீரைப் பற்றி எந்த அறிவித்தல் வந்தாலும் நாங்கள் அதை நீர்வெட்டு என்றே எடுத்துக்கொள்வோம்.

அன்று எனக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேலை. காலையில் போன வீடெல்லாம் குழாய் திறந்தபடி. பீப்பா, வாளி, இட்லிச் சட்டி, குழந்தை குளிக்கும் பேசின். ஏன் என்று கேட்டால் பாலத்துக்கு அங்கால உள்ளவர்கள் இழுத்து முடிப்பதற்குள் பிடித்துவிடவேண்டும் என்றார்கள். அங்கால உள்ளவர்கள் நாங்கள்தான். எங்கள் லேனிலும் அதே வேலை நடந்துகொண்டிருந்தது. மத்தியானத்துக்கு முன்னரே தாங்கி காய்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் அன்ரன் குசினியில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து நிலத்தில் இருந்தார். அவரைச் சுற்றி எங்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் நிரம்பியிருந்தன. கிறிஸ்மஸ் கேக் தட்டு, என் சாப்பாட்டுப் பெட்டி, அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் இருக்கும் பூச்சாடிகூட. நிரம்பிய வாளிகளையும் அவர்தான் தூக்கி வைத்திருந்தார். நீங்களுமா, இப்படிப் பயந்துதானே எல்லாரும் கெடுத்தார்கள் என்று கத்தினேன். அவர் மேல்மாடிக் குழாயைக் காட்டினார். அது இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குழாயில் தண்ணீரை நாங்கள் அதுவரை கண்டதில்லை.

“வராதெண்டு பயந்து நிரப்பேல்ல, வந்திட்டுது எண்டு நம்ப ஏலாமத்தான் நிரப்பினனான்.”

நேற்றைய தண்ணீர்

மறுநாள் அவரால் எழும்ப முடியவில்லை. அவரைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு நான் வாளியோடு கீழே இறங்கினேன். மேலே நிரம்பியிருந்ததைத் தொட எனக்கு மனம் வரவில்லை. லேனில் எல்லோரும் முதல் நாள் பிடித்ததைத் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வழக்கமான தண்ணீர் வந்துவிட்டதே. ஆற்றுக்கு அந்தப் பக்கமும் அப்படித்தானாம். எங்கள் பைப்பில் ஒருநாளும் ஓடாத வேகத்தில் கான் ஓடியது. எனக்கு அழுகை வந்தது. இரண்டு ஊருக்கும் போதுமாயிருந்த தண்ணீரை ஊற்றுகிறீர்களே என்று பிலோமினா அன்ரியிடம் கேட்டேன். பீப்பாவைச் சரித்தபடியே பதில் சொன்னார்.

“நேத்துத் தண்ணியில ஆராவது சோறு சமைப்பாங்களா மகள்?”

மறுபடியும் மணி

ஒரு தாங்கி இரண்டு ஊருக்குப் போதாது என்று அறிக்கை எழுதினார்கள். சேருகிற யோசனையை ஒத்திப்போட்டு, தனித்தனியாகச் செய்யலாமா என்று கேட்டுவர மறுபடியும் அதே டெப்லெட்டைத் தந்தார்கள். அன்ரன் இன்னும் படுக்கையில்தான், மருந்துக்குச் சம்பளம் வேண்டும், வாங்கிக்கொண்டேன். முதல் கதவு வெள்ளவத்தை ஐயாவுடையது. இந்த முறை ஊர் கேட்கவில்லை, நேரே விஷயத்துக்கு வந்தார்.

“தனிய எண்டால் நல்லது பிள்ளை, ஆனால் அவைக்கு எப்ப வருகுது, எவ்வளவு வருகுது எண்டு எங்களுக்குச் சொல்லிப்போடோணும்.”

தண்ணீர் வந்துவிட்டால் எனக்கு இந்த வேலை இல்லை, வராவிட்டால் வாளி வேலை ஓயாது என்பதால், அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தப் போகிற செவ்வாய்க்கிழமைகளில் எதைக் கேட்பது என்று தெரியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.