மீசைத் தாத்தாவின் தும்மல்

பகலவன் அண்ணனுக்கு முப்பத்தொரு வயது. பத்து வயதில், டிவியில் ஞாயிறுதோறும் வந்த குழந்தைகள் நகைச்சுவை நிகழ்ச்சியில் தாத்தாவாக நடித்தார். அவர் தும்மினால் பஞ்சு மீசை பறக்கும். எங்கள் பக்கமே சிரிக்கும். இப்போது ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பு செய்கிறார். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான நான், வேலை கிடைக்கும்வரை அந்த ஆட்டோவை ஓட்டுகிறேன்.

அன்று கோமுகி அணையைத் திறக்கப்போவதாக அறிவிக்க எங்களை அனுப்பினார்கள். கச்சிராயபாளையத்துக்குக் கீழே, ஆற்றில் ஏழெட்டுப் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

“அணைய தொறக்கறாங்க! எல்லாரும் கரையேறுங்க!”

குரலைக் கேட்டதுமே சிரித்தார்கள்.

“ஏய், மீசத் தாத்தாடி!”

“இன்னா தாத்தா, தண்ணி வருதா, தும்மல் வருதா?”

“நெசமாத்தாங்க சொல்றேன்.”

சிரிப்பு இன்னும் ஜாஸ்தியானது. நான் மைக்கை வாங்கிச் சொன்னேன். “நீ யாருப்பா?” என்றார்கள்.

அண்ணன் மைக்கைத் திரும்ப வாங்கி, “மேல வாங்க, தும்மிக் காட்டறேன். அங்க நின்னுக்கினு பாத்தா தெரியாது” என்றார்.

ஈரத் துணிகளை அள்ளிக்கொண்டு எல்லோரும் ஏறி வந்தார்கள். பஞ்சு இல்லை. சீட்டின் கிழிசலிலிருந்து ஸ்பாஞ்சைப் பிய்த்து உதட்டின் மேல் ஒட்டிக்கொண்டு தும்மினார். நானும் சிரித்துவிட்டேன். இன்னொரு முறை கேட்டார்கள், தும்மினார். மூன்றாவது தும்மலுக்குள் துவைக்கிற கல் மூழ்கிவிட்டது. பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு ஆற்றையே பார்த்தார்கள்.

நான் எதற்குச் சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

“அடுத்த ஊருக்கு வுடு தம்பி” என்றார் அண்ணன். கீழே விழுந்த ஸ்பாஞ்சைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.