சீமை எலிக்கு வடிகட்டிய தண்ணீர்

பங்களா உத்தியோகம் என்பது வெளியே நின்று பார்த்தால் வெள்ளைக் கோட்டு, உள்ளே வந்து பார்த்தால் தண்ணீர் வாளி.

துரை வீட்டு நாயைக் குளிப்பாட்டியவர்களே, பூனைக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்தவர்களே, கிளிக்கு தினமும் ‘குட்மார்னிங்’ சொல்லிப் பதில் கிடைக்காமல் நின்றவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் ‘கிழவன் புளுகுகிறான்’ என்பார்கள். புளுகுவேன், இல்லையென்று சொல்லவில்லை. திம்புள்ளப் பக்கத்து மூடுபனியில் துண்டைக் காயப்போட்டு, வெயில் வந்ததும் துண்டு கீழே விழுந்ததை என் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் தண்ணீர் விஷயத்தில் மட்டும் ஒரு சொட்டுக்கூடக் கலப்படம் இல்லை.

சொட்டு

நான் திம்புள்ளத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் துரை பங்களாவில் அப்புவாக இருந்தேன். அப்பு என்றால் மேசை போடுவது, கோட்டுத் தூசி தட்டுவது, துரையின் கோபத்தை முதலில் வாங்கிக்கொள்வது. பங்களாவுக்குத் தண்ணீர் மலையுச்சி ஊற்றிலிருந்து மூடிய குழாயில் வரும். அதைச் சமையற்கட்டில் கோக்கி பண்டா காய்ச்சுவார். காய்ச்சியதை நான் பில்டரில் ஊற்றுவேன். பெரிய மண்ஜாடி, அதற்குள் வெள்ளைக் கல், அடியில் ஒரு குழாய். ஒரு சொட்டு விழுந்து அடுத்த சொட்டு விழுவதற்குள் தேயிலை ஒருதரம் கொழுந்து விட்டுவிடும். கூலி ஆட்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்துக்குத் தண்ணீர் பீலியில். பங்களா மாட்டுப்பட்டிக்குக் கீழே ஓடிவரும் ஓடையில், பிளந்த மூங்கிலைச் செருகி வைத்திருப்பார்கள். அதுதான் பீலி.

நுவரெலியாவில் ஒரு துரை வேலையை விட்டுச் சீமைக்குக் கப்பலேறினார். போகும்போது தான் வளர்த்த இரண்டு கினிப் பன்றிகளை எங்கள் துரைசானியிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெயர்தான் பன்றி. ஆள் பெருச்சாளி அளவு, வால் இல்லை, முகத்தில் ஒரு கவலை. லயத்தில் பார்த்தவுடன் ‘சீமை எலி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெள்ளைக்கு டெய்சி, பழுப்புக்கு ரோசி என்று துரைசானி வைத்திருந்தார். வந்த அன்றே எனக்கு உத்தரவு: “அப்பு, நாங்க குடிக்கிற தண்ணிதான் இதுங்களும் குடிக்கிறது. வேற தண்ணி குடுத்தா செத்துப் போறது.” நான் பில்டரடியில் கிண்ணத்தோடு நிற்பதைப் பார்த்துக் கோக்கி பண்டா கரண்டியைக் கீழே வைத்தார். “அப்பு, அடுத்த பிறவியில நான் எலி. நீ வேணும்னா தொரையாப் பொறந்துக்க.”

விருந்துக்கு வந்தவர்

பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருநாள் குதிரையில் வந்தார். மேட்டில் ஏறி வந்ததில் அவருக்கும் நுரை, குதிரைக்கும் நுரை. தண்ணீர் கேட்டார். பில்டரில் ஒரு கிளாஸ்தான் ஊறியிருந்தது. எடுக்கப் போன என் கையைத் துரைசானி பிடித்துக்கொண்டார். வந்தவருக்கு எதிரிலேயே சொன்னார்: “அது ரோசிக்கு. தொரைக்கு விஸ்கி குடு.”

தலைவர் படியேறிய கதை

சிரித்தது போதும். கருப்பையா எங்கள் லயத்துத் தலைவர். கவ்வாத்துக் கத்தி மாதிரி மெலிந்த ஆள். போன மழைக்கு அவருடைய கடைக்குட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்த பெண் குழந்தை, வயிற்றோட்டத்தில் போய்விட்டது. அந்த மழையில் லயத்தில் படுக்காத வீடு இல்லை. தோட்டத்து மருந்துக்காரர் ‘பீலித் தண்ணிதான் காரணம்’ என்று சொன்னார், அதுவும் துரையின் காது கேட்காத இடத்தில். அடுத்த மழை வருவதற்குள் ஊற்றுக் குழாயை லயம் வரைக்கும் இழுக்க வேண்டும் என்று கருப்பையா பங்களாப் படியேறினார்.

துரை கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கப் போகலாம். இவர் நியாயம் பேசுவார். “கருப்பையா, அந்தத் தண்ணி உங்க அப்பன் குடிச்சது, தாத்தன் குடிச்சது. உங்களுக்குப் பழக்கம். கொழும்புக் கம்பெனி காரணம் கேக்குது. நான் என்னா காட்டுறது?” கருப்பையா வராந்தாவில் கூண்டுக்குள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ரோசியைக் காட்டினார். “அதுக்கு மட்டும் ஏன் தொரை வடிகட்டிக் குடுக்கிறீங்க?” துரை பைப்பைக் கடித்தார். பிறகு நியாயம் பிறந்தது. “சரி. ரோசி லயத்துக்குப் போறது. ஒரு மாசம் பீலித் தண்ணி குடிக்கிறது. நோய் வந்தா உனக்குக் குழாய். வரலைன்னா நீ வாய் மூடுறது.” துரைசானி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கூண்டை நான் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். கருப்பையா பக்கத்திலேயே வந்தார். பாதி வழியில் நின்று சொன்னார்: “அண்ணே, நம்ம லயமே படுத்துக் காட்டுச்சு, நம்பல. இந்த எலி ஒருதரம் கழிஞ்சா நம்பிருவாங்களாம்.”

முனியாண்டி கைவிட்டது

கருப்பையாவின் ஒற்றையறைக் காம்பராவில்தான் ரோசி குடியேறியது. உலகத்தில் எந்த விருந்தாளியும் இப்படி வரவேற்கப்பட்டிருக்க மாட்டான். எல்லாரும் அது நோயில் விழ வேண்டும் என்று மனதார விரும்பினார்கள், எல்லாரும் அதற்கு நல்ல புல்லாகப் பறித்து வந்து போட்டார்கள். விடியற்காலையில் தப்புச் சத்தம் கேட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் புறப்படும் பெண்கள், கூடையோடு கருப்பையா வாசலில் நின்று “இன்னைக்கு எப்படி?” என்பார்கள். புழுக்கையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, கெட்டியாக இருப்பதைக் கண்டு, பெருமூச்சு விட்டுப் போவார்கள்.

ரோசி கொழுத்தது. அதன் கீச்சுக் குரல் கனத்துப்போய், ஒருநாள் அது போட்ட விசிலுக்கு நானுஓயா ஸ்டேஷனில் நின்ற ரயில் புறப்பட்டுவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நம்ப வேண்டாம். ஆனால் அதே நாட்களில் மழை தொடங்கியது. முதலில் மேல் லயத்தில் ஒரு பையன் படுத்தான், பிறகு கீழ் லயத்தில் இரண்டு பெண் குழந்தைகள். பிள்ளைகளுக்குக் கண் குழிந்தது, எலிக்குக் கன்னம் உப்பியது. கருப்பையா பொறுக்க முடியாமல் ஒரு சேவலைத் தூக்கிக்கொண்டு முனியாண்டி கோயிலுக்குப் போனார். சீமை எலிக்கு வயிற்றோட்டம் வர வேண்டும் என்று வேண்டுதல். பூசாரி விபூதித் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “நோய் போறதுக்குத்தான்யா இங்க நேர்த்தி. வர்றதுக்கு வேற சாமியப் பாரு.”

தீர்ப்பு

மாதம் முடிந்தது. பெரட்டுக்களத்தில் அத்தனை பேரும் பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்க, துரை ரோசியை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். கோயில் திருவிழாவில்கூட அந்த அளவுக்கு ஒரு உருவத்தை உயர்த்திப் பார்த்ததில்லை. ரோமம் பளபளவென்றிருந்தது. அது சுற்றிலும் பார்த்துவிட்டுத் துரையின் சட்டைப் பொத்தானைக் கடித்தது. கூட்டத்தில் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்ற ஒருத்தி, அந்தப் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். துரைக்கு உண்மையிலேயே சந்தோஷம். எங்களுக்கு ஒரு நல்ல சேதி சொல்கிற முகத்தோடு சொன்னார்: “பாருங்க! உங்க தண்ணி என் தண்ணியை விட நல்ல தண்ணி!”

செல்லாயியின் அடுப்பு

கூண்டையும் கிண்ணத்தையும் எடுத்துவரக் கருப்பையாவின் காம்பராவுக்குப் போனேன். அவர் மனைவி செல்லாயி அடுப்படியில் இருந்தாள். அடுப்போரத்தில் ஒரு சின்னச் சட்டி, மூடி போட்டு. திறந்தேன். ஆறிய தண்ணீர், அடியில் நாலைந்து கொத்தமல்லி. யாருக்கு இது என்று கேட்டேன். செல்லாயி கூண்டைப் பார்த்தாள். மூடியைக் கீழே போட்டுவிட்டேன். “அடி பாவி, பந்தயமே பீலித் தண்ணிதானே? உனக்குத் தெரியாதா?”

“தெரியும்ண்ணே. மொத நாள் பச்சைத் தண்ணிதான் வச்சேன். அது மூக்க நீட்டிக்கிட்டுக் கிட்டப் போச்சு. கை தானா கிண்ணத்த எடுத்துருச்சு.” அப்படியானால் மற்றப் பிள்ளைகளுக்கும் காய்ச்சிக் கொடுக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன். அடுப்பைப் பார்த்தேன். நாலு ஈரச் சுள்ளி. மலையிலிருந்து இருட்டும்போது இறங்கி வருகிறவள், வழியில் பொறுக்கியது. ஒரு சிரட்டைத் தண்ணீருக்கு அது போதும், ஒரு குடும்பத்தின் தாகத்துக்குக் காணாது. செல்லாயி சட்டியை மறுபடியும் மூடினாள். “வீட்டுக்கு வந்த சின்ன உசுருக்கு மறுபடியும் பச்சைத் தண்ணி எப்படிண்ணே குடுக்கிறது?”

துரையின் நியாயம், மறுபடியும்

கருப்பையா அவளைத் திட்டவில்லை. சட்டியைக் கையில் வாங்கி உட்கார்ந்து, அடியில் கிடந்த மல்லியைப் பார்த்தார். பிறகு, “வாங்கண்ணே, உள்ளதச் சொல்லிருவோம்” என்று எழுந்தார். இருவரும் போய்த் துரையிடம் சொன்னோம். ரோசி குடித்தது பீலித் தண்ணீர்தான், ஆனால் காய்ச்சிய தண்ணீர், அதனால் பந்தயம் செல்லாது, இன்னொரு மாதம் வேண்டும். துரை கவனமாகக் கேட்டார். முகம் முன்னைவிட மலர்ந்தது. “அப்ப ரொம்ப லேசு! எல்லாரும் காய்ச்சிக் குடிக்கிறது!” கருப்பையா துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கேட்டார். “வெறகுக்கு எங்க தொரை போறது? அந்தக் காட்டு மரத்துல...” துரையின் முகம் சட்டென்று மாறியது. “தோட்டத்து மரம் தொட்டா பேர் வெட்டுறது, வேலை போறது. நல்லாக் கேட்டுக்கோ.”

திரும்பி வரும்போது மழை. கருப்பையா ஓர் இடத்திலும் ஒதுங்கவில்லை. அவர் கையில் வாக்குச்சீட்டு இருந்திருந்தால் யாரிடமாவது போய் நின்றிருப்பார். அது குடியுரிமைச் சட்டம் போட்டு எங்களுக்கு ஓட்டு இல்லாமல் ஆக்கியிருந்த காலம். அதை அவரிடம் சொன்னேன். அந்த நாள் முழுக்க அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். “எலிக்கும் ஓட்டு இல்லையேண்ணே. அது மட்டும் எப்படிப் பொழைச்சுக்கிச்சு?”

பீலியில் வரிசை

பங்களாவுக்குத் திரும்பிய ரோசி பில்டர் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. கொத்தமல்லிக்குப் பழகிய நாக்கு. இரண்டு நாள் அது குடிக்காததில் துரைசானி துடித்துப்போனார். கடைசியில் அவரே காரணம் கண்டுபிடித்தார்: ரோசிக்குப் பீலித் தண்ணீர்தான் பிடித்திருக்கிறது. ஆகவே அப்பு தினமும் காலையில் லயத்துக்கு இறங்கி, ஒரு வாளி பீலித் தண்ணீர் கொண்டுவர வேண்டும். அதைக் கோக்கி காய்ச்ச வேண்டும், நான் பில்டரில் ஊற்ற வேண்டும். ஏன் துரைசானி, நல்ல தண்ணீர் என்று துரை சொன்னாரே என்றேன். அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். லயத்துத் தண்ணீரை அப்படியே எப்படி நம்புவது?

மறுநாள் இறங்கினேன். மழையில் ஓடை கலங்கி, பீலியில் தேயிலைச் சாயம் மாதிரி தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, குடங்களோடு நீண்ட வரிசை. பங்களா வாளியைக் கண்டதும் கருப்பையாவே குடங்களை ஓரமாக நகர்த்தி எனக்கு வழிவிட்டார்.  வாளி நிறைவதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாளியைப் போலக் கனமான ஒன்றை நான் தூக்கியதில்லை, பொய் சொல்கிறவன்தான், இதில் இல்லை. மேட்டில் கால் வைத்தபோது வரிசையின் கடைசியிலிருந்து செல்லாயி கூப்பிட்டாள். “அண்ணே, கோக்கிகிட்ட ரெண்டு மல்லி போடச் சொல்லுங்க. பச்சையாக் குடுத்துறப் போறாங்க, பாவம்.”

எங்கள் தண்ணீர் நல்லது என்று காட்ட ஒரு எலி போதுமாக இருந்தது, கெட்டது என்று காட்டத்தான் ஒரு லயம் முழுவதும் படுத்தும் போதவில்லை.