வெறுந்துணிக் கிண்ணம்

மாலை ஐந்தரைக்கு ஓ பில்-சூன் நாற்காலியில் உட்கார்ந்து காலுறைகளைக் கழற்றுகிறார். வலது காலில் கிருமியைக் கொல்லும் நானோ வெள்ளித் துகள் ஏற்றிய பருத்தி, இடது காலில் வெறும் பருத்தி. வலதை முகர்கிறார். இடதை முகர்கிறார். நோட்டில் ஏதோ எழுதிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறார்.

தென்கொரியாவின் தேகு நகரத்தில், வெள்ளி ஏற்றிய மருத்துவமனைத் துணி தயாரிக்கும் ஆலை ஒன்றில் அவருக்குத் துவைக்கிற வேலை. ஒரே துணியை ஐம்பது முறை துவைக்க வேண்டும். பிறகு அதைக் கிண்ணத்தில் வைத்து, மேலே கிருமிகளை விட்டு, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ண வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, வெள்ளி ஏற்றாத வெறுந்துணிக்கும் இதே சோதனை. "எங்க வீட்டுக்காரர் சட்டையக்கூட இத்தன தடவ தொவச்சதில்ல" என்பார். கணவர் இதை மறுத்ததில்லை.

போன மாதம் ஒரு தீக்காயப் பிரிவுக்குப் படுக்கை விரிப்புகள் போகவேண்டியிருந்தது. 'ஐம்பது சலவை தாங்கும்' என்று சீட்டும் அச்சாகிவிட்டது. பில்-சூனின் சோதனைக் கிண்ணங்களில் ஒரு கிருமிகூட இல்லை. மேலாளர் பியோன் சாங்-உக் சான்றிதழை அவர் முன்னால் தள்ளினார்.

"முத்திரையக் குத்துங்கக்கா. வண்டி வந்து நிக்குது."

"வெறுந்துணிக் கிண்ணமும் சுத்தமா இருக்கு சார்."

"நல்லதுதானே?"

"வெள்ளியே ஏத்தாத துணியில கிருமி எப்படிச் சாகும்? வாழ்க்கை வெறுத்துப்போயா?"

பியோன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"தோலுரிஞ்சு கெடக்கறவங்க படுக்கப்போற துணி சார்" என்ற பில்-சூன், முத்திரைக் கட்டையை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். வண்டி காலியாகத் திரும்பிப் போனது.

துவைக்கும் இயந்திரத்தைக் கழுவிய யாரோ குழாயில் பிளீச்சிங் திரவத்தை மிச்சம் விட்டிருந்தார்கள். கிருமிகளைக் கொன்றது அதுதான். பில்-சூன் இயந்திரத்தை வெறும் தண்ணீரில் மூன்று முறை ஓட்டினார். புதுத் துணியை எடுத்து ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினார். பதினோரு நாள் ஆயிற்று. பியோன் தினமும் வந்து, "எத்தனாவதுக்கா?" என்று கேட்பார். பில்-சூன் எண்ணிக்கையை மட்டும் சொல்வார்.

முப்பது சலவை வரை வெள்ளி வேலை செய்தது. நாற்பதில் சில கிருமிகள் பிழைத்தன. ஐம்பதில் குடும்பம் நடத்தின.

'முப்பது' என்று திருத்திய சீட்டோடு பியோன் வந்தார். "ஆஸ்பத்திரியில ஒத்துக்கிட்டாங்க. எனக்குத்தான் செம திட்டு."

பில்-சூன் முத்திரை குத்தினார். பிறகு, மூடியிருந்த வெறுந்துணிக் கிண்ணத்தை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்தினார். உள்ளே விளிம்புவரை மஞ்சள் மஞ்சளாக அப்பியிருந்தது.

"எவ்வளவு ஜோரா வளந்திருக்கு பாருங்க சார்!"

பியோன் இரண்டடி பின்வாங்கினார். பில்-சூன் கிண்ணத்தை நீட்டியபடியே இரண்டடி முன்னே வந்தார்.