சித்ரகலா தூக்கும் எடை

கண்ணாடிக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பாள் சித்ரகலா. அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறையின் மாடியில் இருக்கிறது அந்த ஜிம். மூன்று சுவர்களிலும் கண்ணாடி. பையன்கள் அதன் எதிரே நின்று கையை மடக்கிப் பார்ப்பார்கள், போனில் படம் எடுத்துக்கொள்வார்கள். இவள் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி, துப்பட்டாவை இடுப்பில் முடிந்து, தாலிக்கொடியை உள்ளே தள்ளிவிட்டு, பிடி வழுக்காமலிருக்க முகப்பவுடரை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு குனிவாள். இருபுறமும் வட்டு மாட்டிய இரும்புத் தண்டு அவள் முழங்காலை உரசிக்கொண்டு இடுப்பு வரை ஏறும். கீழே பட்டறையில் பாலீஷ் மெஷின் ஓடத் தொடங்குவதற்குள் முடித்துக்கொண்டு படியிறங்கிவிடுவாள்.

சுடிதாருக்கு மேல் ஒரு தொளதொள டீ ஷர்ட். ஏதோ வெளிநாட்டுக்குக் கப்பலேற வேண்டியது; கழுத்துத் தையல் கோணிப்போனதால் ஏறவில்லை. கோணலைக் கண்டுபிடித்து ஒதுக்கியவளே அவள்தான். பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜை முன்னால் நின்றே பாதி வயதைக் கழித்தவள்.

"கண்ணாடியப் பாத்துச் செய்யுங்க்கா. முதுகு வளையுதான்னு தெரியுமில்லீங்களா" என்பான் பயிற்சி சொல்லித்தரும் கவின்.

"அதுல என்னத்தப் பாக்கறது கண்ணு. நீயே பாத்துச் சொல்லிப்போடு."

அவள் முதன்முதலாக வந்தபோது எல்லோரிடமும் கேட்பதையே அவளிடமும் கேட்டான். "எடை கொறைக்கோணுங்களா, இல்ல வயிறு மட்டுங்களா?"

"ஒரு ஆளத் தூக்கோணும்" என்றாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

ஆள் என்று அவள் சொன்னது கணவர் பூபாலனை. சாயப்பட்டறைகளிலிருந்து டெம்போவில் வரும் துணி ரோல்களைத் தோளில் ஏற்றி, கம்பெனி கம்பெனியாக இறக்கிய மனிதர். கல்யாண வீடுகளில் அண்டாவைத் தனியாளாகத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பந்தயம் கட்டுவார்கள். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போயின, நாக்கும் குழறிவிட்டது. அதையெல்லாம்கூட அவர் ஒரு மாதிரி தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது வேறொன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிக்க உட்கார வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி சோப்புத் தண்ணீரில் வழுக்கி அவரோடு சாய்ந்தது. சித்ரகலா அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். இழுக்க இழுக்க அவர் வழுக்கினார். அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் தெருவைப் பார்த்துக் கத்தினாள். நல்ல மனிதர்கள்தான், ஓடிவந்தார்கள். "காலப் புடிடா, அந்தக் கைய உடாத, திருப்பு திருப்பு" என்று பீரோ நகர்த்துவதுபோல் அவரைத் தூக்கினார்கள். அவள் போர்த்திய துண்டு குளியலறை வாசற்படியிலேயே நழுவி விழுந்துவிட்டது.

அன்று ராத்திரி சாதத்தைப் பிசைந்து எடுத்துக்கொண்டு போனபோது, சுவரைப் பார்த்தபடியே, "ஊரே பாத்துப்போடுச்சு கலா" என்றார். முழங்கையில் தோல் கிழிந்திருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அடுத்த வாரம் அவள் அந்த மாடிப்படி ஏறினாள்.

தெரு சும்மா இருக்குமா? புருஷன் படுத்துக் கிடக்கிறான், இவளுக்கு உடம்பைச் சிக்கென்று வைத்துக்கொள்ள ஆசை வந்திருக்கிறது என்று பேசினார்கள். கம்பெனியில் பக்கத்து மேஜை சாரதாமணி வேறு மாதிரி வருத்தப்பட்டாள். "ஏனுங்க்கா, இத்தன நாளாப் போறீங்க, ஒரு சுத்துக்கூட எளைக்கலியே?"

"எளைக்கறதுக்கா போறேன்? மத்தியானம் ரெண்டு உருண்டை சேத்தித்தான் திங்கறேன்" என்று சித்ரகலா டிபன் பாக்ஸை வழித்தாள்.

பிறகு ஒரு விடியற்காலை பூபாலன் கட்டிலிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார். அவள் கதவைத் தாழிட்டாள். கவின் சொன்னபடி காலை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, அவர் மார்பை இரு கைகளாலும் சேர்த்துக் கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவரும் கூடவே எழுந்தார். கட்டிலில் உட்கார வைத்தபோது சந்தோஷத்தில் அவள் சிரித்துவிட்டாள். அவரோ அழுதார்.

"என்னைய நீ தூக்கறாப்ல ஆயிப்போச்சே."

"நாந்தான மாமா. வேற ஆராச்சுமா தூக்கறாங்க?"

அதன் பிறகு எதற்கும் அந்த வீட்டுக்குள் அவள் யாரையும் கூப்பிட்டதில்லை.

இந்த வருஷம் ஆடி மாதம், தண்டைக் கீழே வைத்துவிட்டு அவள் கவினிடம் சொன்னாள். "கண்ணு, இப்பெல்லாம் அவரத் தூக்கறது பூவத் தூக்கறாப்ல இருக்குது. எல்லாம் நீ சொல்லிக் குடுத்ததுதான்."

கவினுக்கும் பெருமைதான். வட்டுகளைக் குனிந்து பார்த்தான். "ஆனா நீங்க எடை ஏத்தவே இல்லீங்களேக்கா. போன தீவாளிக்குப் போட்டதேதான இப்பவும்..." என்றவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். குரலைத் தாழ்த்தி, "அண்ணன் சாப்படறாருங்களா?" என்று கேட்டான்.

கஞ்சி பாதி டம்ளரில் திரும்பி வருவது அவளுக்குத் தெரியும். அவர் லுங்கியை இப்போது இன்னொரு சுற்று இழுத்துச் சொருகுவதும் அவள்தான். வாட்ச் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரை ஓடுவதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தாளே தவிர, சேர்த்துப் பார்க்கவில்லை. வட்டுகளைக் கழற்றி அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, அன்று பாதியிலேயே கிளம்பிவிட்டாள்.

தொண்டைக்கு விழுங்கும் பலம் போய்க்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். முடிந்த வரைக்கும் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடி ஜிம்முக்குப் போனாள். இன்றும் போகிறாள். அவளுக்கு இனி அத்தனை பலம் தேவைப்படாது என்பது கவினுக்குத் தெரியும். சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சாரதாமணிதான் கேட்டாள், "இன்னமும் எதுக்குங்க்கா போறீங்க?"

நூல் பிசிறை வெட்டிக்கொண்டிருந்த சித்ரகலா கத்தரியைக் கீழே வைத்தாள். "தூக்கையில மூச்சப் புடிச்சுக்கறமில்ல சாரதா. மூச்சப் புடிச்சுட்டு அழுவ முடியாது."

சாயங்காலம் கம்பெனி விட்டு வந்ததும் பூபாலனைக் கட்டிலிலிருந்து வாசலோரத்து நாற்காலிக்கு மாற்றுவது வழக்கம். தெருவில் போகிற டெம்போக்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். முழங்காலுக்கடியில் ஒரு கை, முதுகுக்கு ஒரு கை. ஒரு கையே போதும் போலிருக்கிறது இப்போது. தூக்கியதும் அவர் முகம் அவள் தோளருகே வரும்.

"செரமமா இருக்குதா கலா?"

அவள் பாதி வழியில் நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். "அப்பப்பா, என்ன கனமுங்க மாமா! சித்த என் கழுத்தக் கெட்டியாப் புடிச்சுக்குங்க."

அசைகிற பாதி உதட்டில் அவருக்குச் சிரிப்பு வந்தது. "ரோல் தூக்குன ஒடம்பு" என்றார்.

"ஆமாங்க" என்று அவரை மெல்ல நாற்காலியில் இறக்கினாள். சுவரில் சாய்ந்து புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கினாள். அவர் பார்க்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, வியர்க்காத நெற்றியைத் துப்பட்டா நுனியால் அழுத்தித் துடைத்தாள்.