மச்சினன் கிளப் தோற்பதைப் பார்க்க மார்த்தாண்டம் போனேன்

மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பூதப்பாண்டியிலிருந்து மார்த்தாண்டம் போய்வந்தேன். காரணத்தை மறைக்கப் போவதில்லை. என் மச்சினன் முருகேசன் கொண்டாடும் இங்கிலாந்துக் கால்பந்து கிளப், அன்று கோப்பை இறுதிப்போட்டி ஆடியது. அது தோற்கும்போது அவன் முகம் போகும் போக்கை நேரில் பார்க்க வேண்டும். என் வீட்டு டிவியில் பார்த்தால் பாதி சுகம்தான்.

நாங்கள் இருவரும் சவூதிக்கு ஒன்றாகப் போனவர்கள். எங்கள் அறையில் ஆளுக்கொரு கிளப் உண்டு. புதிதாக வருகிறவன் மிச்சமிருப்பதில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு மிச்சம் இரண்டு. இரண்டுமே நடுத்தர ஊர்கள், மைதானமும் ஏறக்குறைய ஒரே அளவு. (பெயரைச் சொன்னால் கமெண்டில் வந்து கும்முவீர்கள்.) மூத்தவன் என்று என்னை முதலில் எடுக்கச் சொன்னார்கள். ஜெர்சியின் நிறம் பிடித்து ஒன்றை எடுத்தேன். அதன்பிறகு அவனுடையது மூன்று கோப்பை வாங்கிவிட்டது. வயிறு எரியாதா?

மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பினேன். வடசேரி வரை அரை மணி நேரம். அங்கிருந்து மார்த்தாண்டம் முப்பது கிலோமீட்டர் இருக்கும். பேருந்தில் மறுபடி கணக்குப் போட்டேன். நாங்கள் இரண்டாம் டிவிஷனில் ஜெயித்ததைச் சேர்த்தேன், அவன் கோப்பையில் ஒன்றைச் சின்னக் கோப்பை என்று தள்ளினேன். அப்படியும் அவன்தான் முன்னால். தக்கலை தாண்டியதும் நெரிசல் வேறு.

மார்த்தாண்டத்தில் ஆட்டோ எண்பது கேட்டு அறுபதுக்கு இறங்கியது. என் கையில் இனிப்புப் பெட்டியைப் பார்த்து ஓட்டுநர், "விசேஷ வீடா அண்ணாச்சி?" என்றார்.

"தோத்தா விசேஷம்தான்" என்றேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

முருகேசன் வீட்டில் கல்யாணக் கூட்டம். பக்கத்து வீட்டார் உட்பட எல்லாருக்கும் ஒரே ஜெர்சி.

"வந்தியளா அத்தான்! உங்களுக்க கிளப்புக்கு இண்ணைக்கும் லீவா?"

"செகண்ட் டிவிஷன்ல ஜெயிச்சோமே, மறந்துட்டியாலே?"

"அதையும் கப்புண்ணு கூட்டுவியளா? அப்பம் எனக்கும் கூட்ட நெறய கெடக்கு."

ஏழரைக்கு ஆட்டம். கடைசி நிமிடங்கள்வரை கோலே இல்லை. பிறகு எதிரணி ஒன்று போட்டது. நான் கட்டன் சாயா கிளாசுக்குள் முகத்தை வைத்துச் சிரித்தேன். விசிலும் ஊதிவிட்டார்கள்.

முருகேசன் ஜெர்சியை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதான். அவன் பிள்ளைகள் அழுதார்கள். பொரித்த மீனை ஒருவரும் தொடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அவன் முதுகைத் தடவிக்கொண்டே தானும் மூக்கைச் சிந்தினார். அத்தனை பேருக்கு நடுவில் நான் ஒருவன்தான் காய்ந்த கண்ணோடு இருந்தேன்.

"விடுலே மக்கா, பைனல் வரைக்கும் வந்தாச்சில்லா" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாது அத்தான்" என்றான்.

உண்மைதான். இத்தனை வருடத்தில் என் கிளப் ஒரு இறுதிப்போட்டிக்கும் வந்ததில்லை. இப்படி வீடு நிறைய ஆள் சேர்த்து அழ எனக்கு ஒரு நாள் வாய்த்ததில்லை. கோப்பைமேல் இருந்த பொறாமை போதாதென்று, மறுநாள் காலைப் பேருந்தில் அவன் அழுகைமேலும் பொறாமைப்பட்டுக்கொண்டே ஊர் வந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை என்றால் தக்கலைக்கு அப்பால் முக்கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் போன்ற கிளப் வைத்திருப்பவர்கள், மச்சினன் ஜெயிக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். அந்த வயிற்றெரிச்சல் நமக்குப் பழகியது.