செருப்போடு சாமி கும்பிட்ட டைவர்

அழகையா அண்ணன் எங்கள் தோட்டத்து லொறி டைவர். பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளிக்கு மேலே மலையில் நிறுத்துப் போடுகிற கொழுந்தைக் கீழே தேயிலைத்தூள் ஆக்கும் ஸ்டோருக்கு இறக்குவது அவர் வேலை, மூட்டை ஏற்றுவது என் வேலை. பதினாறு வருசம் அவர் பக்கத்து சீட்டில் இருந்தவன் நான். மூடுபனியில் முன்னால் ரோடே தெரியாத நாளிலும் அந்த மனுசன் பயந்ததில்லை. பயந்து நான் பார்த்தது ஒரே ஒரு கடிதத்துக்குத்தான்.

எழுபத்தெட்டாம் வருசம் அண்ணனுக்குத் திடீரென்று பக்தி வந்தது. பாதிவழி வளைவில் ஒரு முனியாண்டி கல் இருக்கிறது. லொறியை நிறுத்துவார், கல்லுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்துவார், பின்னால் இருக்கிற புதருக்குள் போவார். கற்பூரம் எரிந்து தீர்ந்துவிடும், ஆள் வரமாட்டார். முதலில் நாளைக்கு ஒரு தரம். அந்த வருசத் தோட்டத்துத் திருவிழா முடிவதற்குள் ஒவ்வொரு நடைக்கும் ஒரு தரம். மூட்டைமேல் உட்கார்ந்து வருகிற பொம்பளைகள் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கொழுந்தெடுக்கிற ரெங்கம்மா அக்கா மட்டும் அப்பப்போ அண்ணனிடம் ஒரு பொட்டலத்தை நீட்டும். "கற்பூரம் தீந்திருக்கும், வச்சுக்க தம்பி."

மூத்திரக் கோளாறு என்று எனக்குத் தெரியும். கேட்டால் எரிந்து விழுவார் என்று கேட்கவில்லை. அது என் தப்பு.

ஒரு காலையில் ஒரு சொட்டும் வரவில்லை. அடிவயிறு கல்லாகிப் போனது. எனக்கு லொறி ஓட்டத் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு அவரேதான் ஓட்டினார்.

குழாய் போட்டு எடுத்தார்கள். அப்புறம் டொக்டர் கையுறை மாட்டி, பின்பக்கமாக விரல் விட்டுப் பார்த்தார். ஒளிக்காமல் சொன்னார். "மூத்திரப் பைக்குக் கீழ ஒரு சுரப்பி இருக்கு. அது வீங்கியிருக்கு, ஒரு பக்கம் கெட்டியாத் தட்டுப்படுது. சும்மா வீக்கமாவும் இருக்கலாம், கேன்சராவும் இருக்கலாம். விரலுக்கு அது தெரியாது. ரத்தம் பாக்கணும், எக்ஸ்ரே எடுக்கணும், கண்டியில ஊசியால துளி சதை எடுத்துச் சோதிக்கணும்."

கண்டி ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அண்ணன் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நாலு நாளில் குழாயைக் கழற்றி அனுப்பினார்கள். கடிதம் லொறிப் பெட்டிக்குள் கற்பூரத்துக்கு அடியில் போய்விட்டது. மூன்று வாரம் அவர் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. கண்டிக்குப் போகவேண்டிய செவ்வாய்க்கிழமைக்கு முதல் நாள் சாயந்தரம் கேட்டேன்.

"நாளைக்கு எத்தனை மணி ரயிலு அண்ணே?"

"போகல."

"ஏன்?"

ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முனி எடத்துல ஒண்ணுக்குப் போனேன்ல, ஏமாத்திக் கற்பூரம் கொளுத்திட்டு. அதான் அந்த எடத்துலயே புடிச்சிருச்சு. இதுக்குக் கண்டியில என்ன ஊசி இருக்கு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க அங்க நின்னதுனால சீக்கு வந்துச்சா, சீக்கு வந்ததுனால அங்க நின்னீங்களா? எது முந்தி?"

அண்ணன் கியரை மாற்றினார்.

"சீக்குதான முந்தி? அப்ப முனி என்ன செஞ்சாரு? ஒதுங்க எடம் குடுத்தாரு."

"மெதுவாப் பேசுடா வீரய்யா. பின்னால பொம்பளைக இருக்காங்க. என்னைய பெரிய பக்திமான்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

எங்கள் தலைக்குப் பின்னால் கண்ணாடி போன சன்னல். அதில் ரெங்கம்மா அக்கா முகம் தெரிந்தது. "யாரு நெனச்சா? சாமி கும்பிடப் போறவன் செருப்பக் கழட்டாமப் போவானா? மொத நாளே தெரியும் தம்பி."

பொம்பளைகள் சிரித்த சிரிப்பில் மூட்டை ஒன்று சரிந்தது.

"தெரிஞ்சுதான் கற்பூரம் குடுத்தியாக்கா?"

"பின்னே? இல்லாட்டி நீ அடக்கிக்கிட்டு ஓட்டுவ. எங்க உசுரும் இந்த லொறியிலதான வருது. நாளைக்குப் போயிட்டு வா. என்னான்னு பாக்காம எதுக்குன்னு மருந்து குடுப்பாங்க?"

அண்ணன் ஸ்டோர் வரைக்கும் காதைத் தேய்த்துக்கொண்டே ஓட்டினார்.

மறுநாள் ரயிலேறினோம். "இதுல கக்கூசு இருக்கு, கற்பூரம் வேணாம்" என்றேன். கன்னத்தில் ஒன்று வைத்தார், செல்லமாகத்தான். ரத்தம், எக்ஸ்ரே, ஊசி எல்லாம் முடிந்து வெளியே வந்தவர், "குளவி கொட்டுறதுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்" என்றார்.

முடிவு வரப் பதினெட்டு நாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அவர் சொன்னார்: "கேன்சர்னா கேன்சருக்குன்னு வைத்தியம் பாக்கப் போறேன். அந்தப் பெட்டியத் தொறக்கப் பயந்து மூணு வாரம் ஓட்டுனேனே, அதுதான்டா சீக்கு."

முடிவு வந்தது. வெறும் வீக்கம், அறுத்துச் சரி பண்ணலாம் என்று எழுதியிருந்தது.

அன்றைக்குச் சாயந்தரம் வளைவில் லொறி நின்றது. நல்ல மழை.

"இன்னைக்குமா தம்பி?" என்றது ரெங்கம்மா அக்கா.

"இல்லக்கா." செருப்பைக் கழற்றிப் பிரேக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கினார். நனைந்த புல்லில் வெறுங்காலோடு நின்று கற்பூரம் ஏற்றினார். புதர்ப் பக்கம் போகவில்லை. திரும்பி வந்தபோது கணுக்காலில் இரண்டு அட்டை தொங்கியது.

அக்கா எட்டிப் பார்த்தது. "இப்பத்தான் நெசமாக் கும்பிட்டிருக்கான்."