வவுச்சர்காரருக்கு ஒரு தனிப் பெட்டி

களஞ்சியத்தில் பாரம் தூக்கி இடுப்பு நாரி பிசகியதில், என் கணவர் மாதக்கணக்காக வேலைக்குப் போக ஏலாமல் வீட்டோடு கிடந்தார். மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவளின் நிறை பார்க்கும் தாதிதான், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் வவுச்சர்களை எனக்குத் தந்தார். நாங்கள் இருந்த நோர்பரியிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம் போனால், சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் விவசாயிகள் சந்தை கூடும். காசுக்குப் பதிலாக வவுச்சரைக் கொடுத்து அங்கே பழமும் மரக்கறியும் வாங்கலாம்.

முதல் சனிக்கிழமை மகள் ஒரு ஸ்ட்ரோபெரிப் பெட்டியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நான் வவுச்சரை நீட்டியதும், கடைக்காரர் குனிந்து அவள் கையிலிருந்த பெட்டியை மெல்ல வாங்கி, திரும்ப மேசையில் வைத்தார். பிறகு மேசைக்குக் கீழே இருந்த ஒரு பெட்டியைக் காலால் முன்னுக்குத் தள்ளினார்.

"வவுச்சருக்கு இதில்தான் எடுக்க வேண்டும்."

வாடிய கரட், இலை கறுத்த கோவா, ஒரு பக்கம் அழுகிய தக்காளி. சட்டம் அப்படியாக்கும் என்று நினைத்துப் பொறுக்கினேன். அகதியாக வந்திறங்கிய நாளிலிருந்து, தந்ததைக் கைநீட்டி வாங்கிப் பழகியவள் நான். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த கிழமையும் அப்படித்தான்.

மூன்றாம் கிழமை அப்பிள் விற்கும் பெண்ணிடம் போனேன். வவுச்சரைக் காட்டி, "எனக்கு எந்தப் பெட்டி?" என்று கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. "விரும்பியதை எடுங்கள். வவுச்சருக்கு எங்களுக்கு முழுக்காசும் வந்துவிடும்" என்றாள்.

காது இரண்டும் சுட்டது. அழுகலைத் தந்துவிட்டு அந்த மனிதர் முழுக்காசு வாங்கியிருக்கிறார்.

வீட்டில் சொன்னேன். கணவர் சுவரைப் பார்த்தபடி, "விடும். ஓசியில வாறதுக்குச் சண்டை பிடிக்கேலுமே?" என்றார்.

"ஓசி இல்லை. நீங்கள் இவ்வளவு வருசமும் வரி கட்டேல்லையே?"



அடுத்த சனிக்கிழமை சந்தைப் பொறுப்பாளரைத் தேடிப்பிடித்து, கையோடு அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேசைக்குக் கீழே பெட்டி அப்படியே இருந்தது. கடைக்காரர் தடுமாறவில்லை.

"வீணாக்கக் கூடாது என்றுதான். அவர்களுக்குச் சூப் வைக்க இது போதும்தானே?"

நான் முன்னால் நிற்கிறேன். என்னைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் "அவர்களுக்கு" என்கிறார்.

"என் மகள் சூப் கேட்கவில்லை," என்றேன். "உங்கள் பிள்ளைக்கு இந்தத் தக்காளியைக் கொடுப்பீர்களா?"

அவர் தராசைத் துடைக்கத் தொடங்கினார். பொறுப்பாளர் எங்களுக்கு நடுவே வந்து, இது ஒரு சின்னத் தவறான புரிதல் என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு அழுகலைவிட மோசமாகப் பட்டது.

அதற்குப் பிறகு பெட்டி அங்கே இருக்கவில்லை. மன்னிப்பும் வரவில்லை. தாதியின் அறைக்கு வெளியே காத்திருந்த தாய்மாரிடம் நடந்ததைச் சொன்னேன். கைக்குழந்தையோடு இருந்த ஒரு சோமாலியப் பெண் என்னை வெறித்துப் பார்த்தாள். தான் ஒரு வருடமாக அந்தப் பெட்டியில்தான் பொறுக்கியதாகச் சொன்னாள். "யாரும் ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டாள்.